தெருவைத் தாண்டாமல் கன்னியாகுமரி வரை: நன்கொடை திரட்டும் மெய்நிகர் பயணம் ஓர் எளிய அறிமுகம்

2020 ஈஸ்டர் சமயத்தில், ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில், மார்கரெட் பெய்ன் என்ற 90 வயது மூதாட்டி தன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கத் தொடங்கினார். கொரோனா ஊரடங்கு காலம், வெளியே போக வழியில்லை. அந்தப் பக்கத்தில் சுயில்வென் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 731 மீட்டர். வீட்டுப் படிக்கட்டை 282 முறை ஏறினால் அந்த மலையின் உயரம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, தினம் சில தடவை என்று ஏறி, ஜூன் மாதம் முடித்தார். அதற்குள் 4 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்துவிட்டது. பிரிட்டனின் பொது மருத்துவ சேவைக்காகவும், ஹைலண்ட் ஹாஸ்பிஸ் என்ற அமைப்புக்காகவும் திரட்டிய பணம் அது. இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு ஹைலண்ட் ஹாஸ்பிஸ்.

மெய்நிகர் பயணம் என்பது இவ்வளவுதான். ஓர் உண்மையான பாதையை, அல்லது மலையை, வரைபடத்தில் எடுத்துக்கொள்கிறோம். அதன் தூரத்தை நாம் இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக நடந்தோ ஓடியோ சைக்கிள் மிதித்தோ கடக்கிறோம். இன்றைக்குத் தெருவில் 3 கிலோமீட்டர் நடந்தால், வரைபடத்தில் நம் புள்ளி 3 கிலோமீட்டர் நகரும். அந்தப் புள்ளி நகர்வதை உறவினர்களும் நண்பர்களும் அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களும் பார்க்கிறார்கள். நாம் சொல்லும் ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் தருகிறார்கள்.

நடப்பதற்குப் பணம் கேட்பது புதிதல்ல. கனடாவில் 1967இல் 'மைல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்' என்ற நடைகள் நடந்தன. நடக்கிறவர் ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு காசு என்று அக்கம்பக்கத்தில் வாக்குறுதி வாங்கிக்கொண்டு நடப்பார். அதே நாட்டில் 1980இல் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடினார். ஒரு கனடியருக்கு ஒரு டாலர் என்பது அவர் கேட்ட கணக்கு. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் திரும்பியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அதெல்லாம் நிஜப் பயணம். வேலையை விட்டு, வீட்டை விட்டு, உடம்பைப் பணயம் வைத்துச் செய்வது எல்லோராலும் ஆகாது. மெய்நிகர் பயணத்தில் இந்தத் தடை இல்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற ஓர் அம்மா, காலையில் அரைமணி நேரம் நடந்தே இதில் சேரலாம்.

தூரம் பணத்தைக் கொண்டுவராது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தூரத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். எவ்வளவு பெரிய தூரமோ அவ்வளவு பெரிய தொகை என்று ஒரு நினைப்பு. அது சரியில்லை. இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ வீரர், இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றியவர், 2020 ஏப்ரலில் தன் 100ஆவது பிறந்தநாளுக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் நடந்தார். 25 மீட்டர் நீளத்தை 100 முறை. மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். 1,000 பவுண்டு சேர்த்தால் போதும் என்று தொடங்கியது, பிறந்தநாளுக்குள் 3.2 கோடி பவுண்டைத் தாண்டியது. கொடுத்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல்.

இந்த அளவு எல்லோருக்கும் வராது, எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அதில் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது. மக்கள் இரண்டரை கிலோமீட்டருக்குக் காசு தரவில்லை. தனக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்காக ஒரு முதியவர் நடக்கிறார் என்பதைப் புரிந்துகொண்டு தந்தார்கள். அவர் ஒவ்வொரு நாளும் எத்தனை சுற்று முடித்தார் என்ற செய்தியும் வந்துகொண்டே இருந்தது. காரணம் ஒரு வரியில் விளங்க வேண்டும், அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்ற வேண்டும். இந்த இரண்டும்தான் இதில் உயிர். நகரும் புள்ளி அந்தச் செய்தியைச் சொல்ல நமக்குக் கிடைக்கிற சாக்கு.

அதனால், முதலில் யாருக்காக என்று முடிவு செய்யுங்கள். அப்புறம்தான் வழி.

வழியைத் தேர்ந்தெடுப்பது

பிரிட்டனில் இதற்குப் பெயர்போன பாதை லேண்ட்ஸ் எண்ட் முதல் ஜான் ஓ குரோட்ஸ் வரை. தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனை. சாலை வழியாக வழக்கமாகச் சொல்லும் தூரம் 874 மைல், அதாவது சுமார் 1,407 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் 970 கிலோமீட்டர்தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொள்வது சாலைத் தூரமா நேர்கோட்டுத் தூரமா என்பதைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நடுவழியில் மாற்றினால் நம்பிக்கை குறைந்துவிடும்.

அமெரிக்காவில் 2020 மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை டென்னசி மாநிலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்கும் மெய்நிகர் ஓட்டம் ஒன்று நடந்தது. தூரம் 635 மைல், ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாளுக்கு 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஓடினால் நான்கு மாதத்தில் முடியும் என்ற கணக்கு. பல்வேறு நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். சீக்கிரம் முடித்தவர்களுக்கு வந்த வழியே திரும்பி ஓடும் வாய்ப்பும் இருந்தது. நல்ல யோசனை அது. முன்னதாக முடித்துவிட்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஆனால் பெயர்பெற்ற பாதை என்பதற்காக ஒன்றை எடுக்காதீர்கள். காரியத்தோடு ஒட்டிய பாதை என்றால் நீங்கள் பேசவே வேண்டாம், பாதையே பேசும். இலங்கையில் 2011இல் நடந்த 'டிரெயில்' நடைப்பயணத்தை இதற்கு நல்ல முன்மாதிரியாகச் சொல்வேன். அது நிஜ நடை, மெய்நிகர் அல்ல. தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாளில் 670 கிலோமீட்டர். வடக்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக நடந்தார்கள். வடக்கில் இருந்த நோயாளிகள் அதுவரை சிகிச்சைக்குக் கொழும்புக்கு அருகில் உள்ள மகரகமைக்குப் போக வேண்டியிருந்தது. நாட்டின் நீளத்தை நடந்து காட்டியபோது, அந்த நோயாளிகள் எவ்வளவு தூரம் அலைந்தார்கள் என்பது யாரும் விளக்காமலே புரிந்தது. 2016இல் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்தார்கள். இந்த முறை தெற்கே காலிக்கு அருகில் உள்ள கராப்பிட்டியவில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக. வடக்குக்காகத் தெற்கிலிருந்தும், தெற்குக்காக வடக்கிலிருந்தும். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாட்டில் அந்தத் திசைக்கே தனி அர்த்தம் இருந்தது.

இதே யோசனையை நாமும் பயன்படுத்தலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் தொடங்கியது, தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் வந்துபோகும் இடம். அப்படி ஓர் இடத்துக்கு நிதி திரட்டுவதாக இருந்தால், கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை சுமார் 700 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். தென்கோடியிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பம் கடக்கிற தூரம் அது. உங்கள் ஊர் நூலகத்துக்கு என்றால் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் தொட்டு வரும் ஒரு சுற்று போதும், 60 கிலோமீட்டரே தாராளம். காஷ்மீர் வரை போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கணக்கு

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். தொடக்கத்து உற்சாகத்தில் போடும் கணக்குதான் பாதி வழியில் படுத்துவிடும்.

12 பேர் சேர்ந்து 30 நாளில் 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 700ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 23 கிலோமீட்டர் சொச்சம். 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2 கிலோமீட்டர்கூட வரவில்லை, சுலபம் என்று தோன்றும். ஆனால் யாரும் 30 நாளும் நடக்க மாட்டார்கள். காய்ச்சல் வரும், கல்யாணத்துக்குப் போவார்கள், மழை பெய்யும். மூன்றில் இரண்டு பங்கு நாள், அதாவது 20 நாள்தான் நடப்பார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது நடக்கிற நாளில் ஆளுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். சாதாரண நடையில் 40 நிமிடம். இது நடக்கக்கூடிய கணக்கு.

அதே 700 கிலோமீட்டரைத் தனியாளாக நாளுக்கு 3 கிலோமீட்டர் வீதம் நடந்தால் 233 நாள் ஆகும், எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை நாள் பார்ப்பவர்களின் ஆர்வத்தை நீங்கள் தாங்கிப்பிடிப்பது கடினம். தனியாளாகச் செய்கிறவர்களுக்கு 100 முதல் 150 கிலோமீட்டர், நாலைந்து வாரம் என்பது என் பரிந்துரை. கன்னியாகுமரி முதல் ஸ்ரீநகர் வரை சுமார் 3,700 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் குறைந்தது 25 பேர், இரண்டு மாதம் என்று திட்டமிடுங்கள்.

கிலோமீட்டர் தெரியாதவர்களுக்குக் காலடிக் கணக்கு உதவும். சராசரி உயரமுள்ள ஒருவரின் ஒரு காலடி ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், 10,000 காலடி வைத்தால் 7 கிலோமீட்டர். சக்கர நாற்காலியில் போகிறவர், நீந்துகிறவர், உட்கார்ந்தபடியே கைப்பயிற்சி செய்கிறவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு நேரத்தை வைத்து மாற்றிக்கொள்வது எளிது: 15 நிமிடப் பயிற்சி ஒரு கிலோமீட்டர் என்று. சைக்கிளுக்கு மூன்று கிலோமீட்டரை ஒன்றாக எண்ணலாம். எந்த விகிதம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.

தூரத்தைப் பதிவதற்குச் செல்போனில் உள்ள காலடி எண்ணியோ, ஸ்ட்ராவா போன்ற செயலியோ போதும். ஒருவர் ஒரே கருவியை வைத்துக்கொள்ள வேண்டும். கைக்கடிகாரமும் போனும் இரண்டும் எண்ணினால் தூரம் இரட்டிப்பாகிவிடும். வரைபடத்தில் புள்ளியை நகர்த்திக் காட்ட மை விர்ச்சுவல் மிஷன் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து அறக்கட்டளையான வேர்ல்டு வாக்கிங்கும் இந்த வேலையைச் செய்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் தேதி, பெயர், தூரம் என்று மூன்று கட்டங்கள் உள்ள ஒரு கூகுள் ஷீட்டும், சுவரில் ஒட்டிய ஒரு சாலை வரைபடமும் குண்டூசியும் போதும். பள்ளிக்கூடங்களில் சுவர் வரைபடம்தான் இன்னும் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகள் குண்டூசியைத் தாங்களே நகர்த்துவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜிபிஎஸ் பதிவு உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும். அதை அப்படியே பொதுவில் போட்டால் உங்கள் வீடும், நீங்கள் வெளியே போகும் நேரமும் யாருக்கும் தெரிந்துவிடும். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் நடைபாதைகள் தெரிகின்றன என்று 2018 ஜனவரியில் பெரிய பேச்சு எழுந்தது. தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் சேரும் குழுவில் அதை எல்லோரும் போட்டுக்கொண்டார்களா என்று ஏற்பாட்டாளர் பார்க்க வேண்டும்.

பணம்

இதுதான் மிக முக்கியமான பகுதி. இதில் ஒரு விதியைத் தவிர மற்றதெல்லாம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த விதி: பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரக்கூடாது. நேராக அந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது பொருந்தும். 'முதலில் எனக்கு அனுப்புங்கள், மொத்தமாகச் சேர்த்து அனுப்பிவிடுகிறேன்' என்று சொன்னால், பத்துப் பேரில் ஒருவருக்காவது மனதில் கேள்வி வரும். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். கொடுக்காமல் இருந்துவிடுவார். உங்கள் கணக்கில் வந்த தொகைக்கு நீங்கள் வரித்துறையிடம் விளக்கம் சொல்ல வேண்டிய சங்கடமும் வரலாம்.

கேப்டன் டாம் மூர் விஷயத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. அவர் நடந்து திரட்டிய பணம், பிரிட்டனின் பொது மருத்துவ சேவைக்கு (என்எச்எஸ்) உதவும் என்எச்எஸ் சாரிட்டீஸ் டுகெதர் என்ற அமைப்புக்குப் போனது. பின்னர் அவர் பெயரில் குடும்பத்தினர் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் அதை விசாரித்து, நிர்வாகத்தில் தவறுகள் திரும்பத் திரும்ப நடந்ததாக 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. நடந்து திரட்டிய பணத்துக்கும் அந்த விசாரணைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த நல்ல மனிதரின் பெயரைக் கேட்டால் பலருக்கு இப்போது இரண்டும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும், கணக்குத் தணிக்கை ஆகும் ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்து அதற்குக் கொடுங்கள். உங்கள் முயற்சிக்காகப் புதிதாக அறக்கட்டளை தொடங்க வேண்டாம்.

நிறுவனத்திடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி நிதி திரட்டப்போகிறோம், சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள், சின்னத்தைப் பயன்படுத்த அனுமதி தருவார்கள். வந்த பணம் எதற்குச் செலவாகும் என்றும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுச் செலவுக்கா, குறிப்பிட்ட ஒரு கருவிக்கா என்று சொல்லத் தெரிந்தால் கேட்பவர்களுக்குத் தெளிவாக இருக்கும்.

நிறுவனத்தின் யூபிஐ குறியீட்டையே பகிர்ந்தால், உங்கள் நடையால் வந்த பணம் எது, வழக்கமாக வருவது எது என்று எப்படிப் பிரிப்பது? குறிப்புப் பகுதியில் பயணத்தின் பெயரை எழுதச் சொல்லலாம். பலர் மறந்துவிடுவார்கள். இன்னொரு வழி, தொகையின் கடைசி இலக்கத்தை அடையாளமாக வைப்பது. நம் ஊரில் 501, 1001 என்று கொடுப்பது வழக்கம், அதனால் 1 உதவாது. 507, 1007 என்று 7இல் முடியும்படி கேட்டால் கணக்கர் பார்த்த உடனே பிரித்துவிடுவார்.

வரிச்சலுகை வேண்டுகிறவர்கள் 80ஜி ரசீது கேட்பார்கள். அதற்கு நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும், கொடுப்பவர் பெயரும் பான் எண்ணும் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்கும்போது இன்னும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால், எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, அதற்கென்று உள்ள தனிக் கணக்கில் மட்டுமே அதைப் பெற முடியும். பதிவில்லாத சின்ன நிறுவனத்துக்கு அவர் ஆசையாக அனுப்பும் பணமே அதற்குச் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள், அப்புறம் சித்தப்பாவிடம் கேளுங்கள். பிரிட்டனில் இருக்கிறவர்கள் அங்குள்ள பதிவுபெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால் கிஃப்ட் எய்ட் திட்டம் உண்டு. வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும்.

ஜஸ்ட்கிவிங், மிலாப், கெட்டோ போன்ற நிதிதிரட்டும் தளங்கள் பக்கம் அமைப்பது, ரசீது, எவ்வளவு சேர்ந்தது என்ற காட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன. கட்டணம் எவ்வளவு என்பதைத் தொடங்கும் முன் படித்துவிடுங்கள். பல தளங்களில் பணம் செலுத்தும்போது தளத்துக்கென்று 'டிப்' ஒன்று தானாகவே சேர்ந்திருக்கும். அதை மாற்றலாம், வேண்டாம் என்றும் வைக்கலாம் என்பதைக் கொடுப்பவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவதா, மொத்தத் தொகையாக வாங்குவதா? முதலாவது கேட்க நன்றாக இருக்கும். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்றால் 700 கிலோமீட்டர் முடிந்ததும் 1,400 ரூபாய். ஆனால் பயணம் முடிந்த பிறகு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு வசூலிப்பது பெரிய வேலை, பாதிப்பேர் மறந்திருப்பார்கள். குழு தூரத்தைத் தாண்டிப் போய்விட்டால் கொடுப்பவர் நினைத்ததைவிடத் தொகை ஏறிவிடும், அதனால் உச்சவரம்பும் வைக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் மொத்தத் தொகையாகவே வாங்குங்கள். கிலோமீட்டர் கணக்கை ஒரு நிறுவனத்தோடு மட்டும், அதாவது 'எங்கள் ஊழியர்கள் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாங்கள் இவ்வளவு தருகிறோம்' என்று முன்வருகிற முதலாளியோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணம் வாங்கி, மெடலும் டி-ஷர்ட்டும் கூரியரில் அனுப்பும் முறையும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கட்டணத்தில் பெரும்பகுதி மெடலுக்கும் கூரியருக்கும் போய், காரியத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமாகிவிடும். அப்படித்தான் செய்ய வேண்டுமென்றால், கட்டணத்தில் எத்தனை ரூபாய் நன்கொடையாகப் போகிறது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

செய்தி சொல்வது

இலக்கைச் சின்னதாக வைத்துத் தொடங்குங்கள். எட்டியதும் உயர்த்தலாம். பக்கத்தைப் பொதுவில் திறக்கும் முன்பே குடும்பத்தினரும் குழுவினரும் தங்கள் பங்கைச் செலுத்திவிட வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் தயக்கமாக இருக்கும்.

வாரம் ஒரு செய்தி போதும். தினமும் அனுப்பினால் வாட்ஸ்அப் குழுவில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு செய்தியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எங்கே இருக்கிறோம், எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யாருக்காக. 'இந்த வாரம் 164 கிலோமீட்டர்' என்றால் மனதில் எதுவும் நிற்காது. 'கன்னியாகுமரியில் கிளம்பி நாகர்கோவில், திருநெல்வேலி தாண்டி இன்று கோவில்பட்டி, கடலைமிட்டாய் ஊர்' என்றால் படிப்பவர் சிரித்துக்கொண்டே வரைபடத்தைப் பார்ப்பார். விராலிமலை வரும்போது மயில்களைப் பற்றி இரண்டு வரி எழுதலாம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது அந்த ஊர்க்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரையே எழுதச் சொல்லலாம். நடுவழி ஊர்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள் தாங்களாகவே செய்தியை அங்கே கொண்டுபோவார்கள். யாரும் போயறியாத பாதையில் இது கிடைக்காது. அதனால்தான் வெளிநாட்டுப் பாதைகளைவிடத் தெரிந்த ஊர்களின் வழியே போவது எனக்குப் பிடிக்கும்.

தேதிக்கும் ஒரு பலம் உண்டு. 2020 ஏப்ரல் 26 அன்று லண்டன் மாரத்தான் நடந்திருக்க வேண்டிய நாள். அது தள்ளிப்போனதால் அறக்கட்டளைகளுக்கு வர வேண்டிய பணம் நின்றுபோனது. அன்றைக்கு 2.6 அல்லது 26 என்ற எண்ணை வைத்து அவரவர் வீட்டில் எதையாவது செய்யுங்கள் என்று அழைத்தார்கள். 26 முறை படி ஏறியவர்கள், 2.6 கிலோமீட்டர் நடந்தவர்கள் என்று பலரும் சேர, 1.1 கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. உங்கள் பயணம் முடியும் நாளையும் அப்படி ஒரு பொருள் உள்ள நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் தொடங்கிய நாளாக இருக்கலாம், யாரோ ஒருவரின் நினைவு நாளாகவும் இருக்கலாம்.

யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. அலுவலகத்தில் மேலாளர் நடத்தும் பயணம் என்றால் இது இன்னும் முக்கியம். கீழே வேலை பார்ப்பவருக்கு அது கட்டாய வசூலாகத்தான் தெரியும். பள்ளியில் நடத்தினால், பிள்ளைகள் எவ்வளவு பணம் கொண்டுவந்தார்கள் என்று எண்ணாமல், எவ்வளவு நடந்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். வீட்டில் காசில்லாத பிள்ளை அப்போதுதான் தலைநிமிர்ந்து சேர முடியும்.

உடம்பு

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற காலமும் அதுதான். சித்திரையிலும் கத்திரியிலும் வேண்டாம். நடந்து பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒரு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெறுங்காலில் நடக்கக் கூடாது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேரட்டும். இருட்டில் நெடுஞ்சாலை ஓரமாக யாரும் நடக்க வேண்டாம். மொட்டை மாடியிலும் வீட்டுக்குள்ளும் நடந்தாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். கடைசி வாரம் தூரம் பாக்கி இருந்தால், ஒருவரே 20 கிலோமீட்டர் ஓடி ஈடுகட்ட முயல்வதைத் தடுங்கள். தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், கொடுத்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்த பிறகு

கடைசிக் கிலோமீட்டரோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். வேலை இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு வந்தது, தளக் கட்டணம் எவ்வளவு போனது, நிறுவனத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று மூன்று எண்களை, நிறுவனம் தந்த ஒப்புகைக் கடிதத்தோடு, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். 107 ரூபாய் கொடுத்தவருக்கும் அதே கடிதம், 10,007 கொடுத்தவருக்கும் அதே கடிதம். வாங்கிய கருவியின் படமோ, தொடங்கிய வேலையின் படமோ சில மாதம் கழித்துக் கிடைத்தால் அதையும் அனுப்புங்கள். நோயாளிகளின் முகம் உள்ள படங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வரிச் சான்றிதழ் கேட்டவர்களின் பெயரும் பான் எண்ணும் சரியாக நிறுவனத்துக்குப் போயிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். மார்ச் 31க்குள் வந்த நன்கொடை அந்த நிதியாண்டில் சேரும். நிறுவனம் தன் விவரங்களை வருமானவரித் துறையில் தாக்கல் செய்த பிறகே சான்றிதழ் வரும், வழக்கமாக மே மாத இறுதிக்குள். அதுவரை யாராவது கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளைக் குழுவில் இப்போதே நியமித்துவிடுங்கள்.